பலாப்பழம், 15 பிரதிகள்: ஒரு லினோ அச்சின் கணக்கு

32 தாள்களில் தொடங்கினேன், 17 தேறின. அதில் 15க்கு எண் போட்டேன், மீதி 2 ஓவியர் பிரதி, அதாவது எண் வரிசையில் சேராமல் ஓவியர் தனக்கென வைத்துக்கொள்பவை. போன ஜூனில் பண்ருட்டிச் சாலையோரம் வாங்கி வந்த பலாப்பழத்தை வீட்டில் பாதியாக அறுத்தபோது உட்கார்ந்து வரைந்த படம், டிசம்பர் முதல் வாரத்தில்தான் கையெழுத்துப் போடும் நிலைக்கு வந்தது. இடையில் என்ன கெட்டுப்போனது, எதை எப்படிச் சரிசெய்தேன் என்று எழுதி வைக்கிறேன். கடலூர் மாதிரி கடலோர ஊரில், அதுவும் ஐப்பசி மழையில், பல வண்ண அச்சு போட நினைப்பவருக்கு இது உதவும்.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். லினோ என்பது ஆளி விதை எண்ணெயைக் காற்றில் கெட்டிப்படுத்தி, பிசினும் தக்கைத் தூளும் கலந்து, சணல் துணி மேல் பரப்பிய விரிப்பு. 1860களில் இங்கிலாந்தில் தரையில் விரிக்கத்தான் வந்தது. மரத்தைப் போல நாரோட்டம் கிடையாது, உளி எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரி வெட்டும், அதனால் ஓவியர்கள் எடுத்துக்கொண்டார்கள். செதுக்கிய லினோத் துண்டுதான் பிளாக்: வெட்டிய பள்ளத்தில் மை ஏறாது, மேட்டில் ஏறும் மைதான் தாளில் விழும். கைத்தடியோடு நடக்கும் காந்தி, கறுப்பில் வெள்ளைக் கோடுகளாக, நந்தலால் போஸ் 1930இல் செய்தது, அதுவும் லினோ வெட்டுத்தான்.

நான் எடுத்துக்கொண்டது ரிடக்‌ஷன் முறை. ஒரே பிளாக்கைச் செதுக்கி, அச்சடித்து, மறுபடி செதுக்கி, அதே தாளின் மேல் மறுபடி அடிப்பது. தாளின் வெள்ளை அப்படியே தெரிய வேண்டிய இடங்களை மட்டும் முதலில் வெட்டி எடுக்கிறோம். மீதி முழுக்க மஞ்சள். எல்லாத் தாளிலும் மஞ்சள் அடித்து முடித்த பிறகு, எங்கெல்லாம் மஞ்சள் நிற்க வேண்டுமோ அங்கெல்லாம் வெட்டி எடுக்கிறோம். மீதியில் அடுத்த நிறம். பிளாக் குறைந்துகொண்டே வரும், படம் வளர்ந்துகொண்டே வரும். 1950களின் கடைசியில் பிக்காசோ இந்த முறையில் நிறையச் செய்தார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: இரண்டாவது நிறத்துக்காக உளி பிளாக்கைத் தொட்ட நிமிடமே மஞ்சள் பிளாக் போய்விட்டது. எத்தனை தாளில் மஞ்சள் அடித்து வைத்தோமோ அதற்கு மேல் ஒன்றுகூடச் சேர்க்க முடியாது. இருப்பது குறைய மட்டும்தான் முடியும். எடிஷன் (எண் போட்டு வெளியிடும் பிரதிகளின் தொகுதி) எண் என்பதை நான் புரிந்துகொண்டது இந்த இடத்தில்தான், அதனால்தான் எனக்கு இந்த முறை இவ்வளவு பிடிக்கிறது.

தாள் புதுச்சேரியிலிருந்து. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைத் தாள் தொழிற்சாலை அங்கே 1959 முதல் நடக்கிறது. பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கிச் செய்யும் தாள். மலிவான மரக்கூழ்த் தாளில் லிக்னின் (மர நாரைப் பிணைக்கும் பொருள்) இருக்கும், வெயிலும் காற்றும் பட்டால் அதனால்தான் தாள் மஞ்சளாகி நொறுங்கும், பழைய பாக்கெட் நாவல்களைப் பார்த்தால் தெரியும். பருத்தியில் அந்தத் தொல்லை இல்லை. 200 ஜிஎஸ்எம் கனத்தில், 56க்கு 76 செ.மீ. முழுத்தாள் எட்டு வாங்கி, பாலிதீனில் சுற்றிப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஒன்றை நான்காக்கினால் 28க்கு 38, ஆக 32. கத்தி வைத்து வெட்டவில்லை. மடித்து, மடிப்பில் ஈரத் தூரிகையை இரண்டு தடவை ஓட்டி, ஸ்கேலை வைத்து மெதுவாகக் கிழித்தால் ஓரம் பிசிறோடு, தொழிற்சாலை ஓரத்தைப் போலவே வரும். கைவினைத் தாளில் ஒரு பக்கம் மற்றதைவிட வழவழப்பாக இருக்கும். எது என்று பென்சிலால் மூலையில் சின்னப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், 32 தாளையும் ஒரே பக்கம் அடிக்க வேண்டும்.

மை விஷயத்தில் ஜூனிலேயே ஒரு சோதனை செய்தது நல்லதாகப் போயிற்று. ஆஃப்செட் அச்சகத்தில் பயன்படும் மஞ்சள் மலிவு, எங்கும் கிடைக்கும், நிறமும் பளிச்சென்று இருக்கும். அதையும் ஓவியர்களுக்கென்று விற்கும் எண்ணெய் மஞ்சளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் தடவி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டி வைத்தேன். ஆகஸ்ட் கடைசியில் அட்டையை எடுத்தபோது ஆஃப்செட் மஞ்சளின் திறந்த பாதி மோர் நிறத்துக்கு வந்திருந்தது. ஓவிய மையில் கோடு எது என்றே தேட வேண்டியிருந்தது. விலை பல மடங்கு, ஆனால் ஒருவர் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டும் பொருள் நான்கைந்து வருடத்தில் வெளுத்துப்போவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. சீக்கிரம் வெளுப்பது பெரும்பாலும் மஞ்சளும் சிவப்பும்தான். கறுப்பு கரி, அது அசையாது. எனவே மஞ்சள், ஆரஞ்சு, பச்சை மூன்றும் ஓவிய மை, கடைசி அடர் நிறத்துக்கு அச்சகக் கறுப்போடு கொஞ்சம் காவி.

இனி பிரஸ். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர், மஞ்சக்குப்பத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சகம் வைத்திருந்தவர், ஈய எழுத்துக் காலத்திலிருந்து தொழில் பார்த்தவர். டிரெடிலை (காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம்) எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார், ஆனால் கேலி புரூஃப் (ஈய எழுத்தை அடுக்கிய ‘கேலி’ என்ற தகட்டுத் தட்டிலிருந்து சரிபார்ப்புப் பிரதி) எடுக்கும் உருளை பிரஸ்ஸை மட்டும் திண்ணை ஓரம் தார்ப்பாய் போட்டு வைத்திருந்தார். இரும்பு மேடை, இரண்டு பக்கமும் தண்டவாளம், மேலே கையால் தள்ளும் கனமான உருளை, அவ்வளவுதான். எண்ணெய் போட்டுத் துரு எடுக்க எனக்கு இரண்டு ஞாயிறு ஆனது. அச்சைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் அவர் 1761இல் தொடங்குவார்: பிரிட்டிஷ்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தையும் சென்னைக்குத் தூக்கிப் போனார்கள், அதில்தான் வேப்பேரியில் ஃபாப்ரிசியஸ் பாதிரியார் தமிழ்ப் புத்தகங்கள் போட்டார் என்று. “நம்ம பக்கத்து பிரஸ்ஸு தம்பி அது” என்பார், இன்றைக்கும் திருப்பிக் கேட்கலாம் என்கிற மாதிரி.

ஈய எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், 23.3 மி.மீ. உருளை அந்த உயரத்துக்குத்தான் இறங்கும். லினோ 3.2 மி.மீ., அதை 18 மி.மீ. பிளைவுட்டில் ஒட்டினால் 21.2. இன்னும் 2.1 வேண்டும், ஒரு மி.மீ. அட்டை இரண்டு போட்டேன். அப்படியும் மை ஏறவே இல்லை, வெறும் நிழல்தான் விழுந்தது. அட்டையைக் கூட்டலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பெரியவர் உள்ளே போய் ஒரு பழைய கேலித் தகட்டை எடுத்துவந்து அடியில் போட்டார். எழுத்தை அடுக்கிய கேலியோடு சேர்த்துத்தான் அந்த மேடையில் புரூஃப் எடுப்பார்கள், அதனால் மேடையே தகட்டின் கனம் அளவுக்குத் தாழ்த்திச் செய்யப்பட்டிருக்கிறது. தகடு போட்டதும் சரியாக இறங்கியது. இந்த மாதிரி பிரஸ் கையில் கிடைத்தால் இதை முதலில் பாருங்கள்.

அச்சு சரியாக விழுகிறதா என்று பார்க்க அவர் தாளின் முகத்தைப் பார்ப்பதில்லை. திருப்பிப் பின்பக்கத்தைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவுவார். எங்கே தழும்பு மெலிந்திருக்கிறதோ, அந்த இடத்துக்கு நேராக உருளையின் உறைத்தாளுக்கு அடியில் டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து ஒட்டுவார். வெட்டி ஒட்டக் கூடாது, கிழித்துத்தான் ஒட்ட வேண்டும், வெட்டிய ஓரம் படத்தில் கோடாக விழும். மேக்ரெடி என்று இதற்குப் பெயர். கல்யாணப் பத்திரிகைக்கு அரை மணி நேரம் எடுப்பாராம், எனக்கு ஒரு முழு மாலை.

வண்ணங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்கார ஆபீஸ் பஞ்சிங் மெஷினை நம்பினேன். அதன் இரண்டு ஓட்டைக்கும் நடுவே எப்போதும் 80 மி.மீ., ஓட்டை 6 மி.மீ. கனமான பிளாஸ்டிக் ஷீட்டில் ஓட்டை போட்டு, பட்டையாக நறுக்கி, ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் டேப் போட்டு ஒட்டினேன். பிளாக்குக்கு மேலே ஒரு மரச்சட்டத்தில் அதே 80 மி.மீ. இடைவெளியில் இரண்டு இரும்புக் குமிழ். தாளை மாட்டினால் ஒவ்வொரு முறையும் அதே இடம். குமிழின் தலை லினோ மட்டத்தைத் தாண்டினால் உருளை அதில் ஏறி இறங்கும், அரத்தால் ராவிக் குறைத்தேன்.

செதுக்குவதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். பலாத் தோலின் முள் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கோபுரம், ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல், அடியில் பச்சை கறுத்திருக்கும். ஒரே மாதிரி வெட்டிக்கொண்டே போனால் பாய்ப் பின்னல் மாதிரி ஆகிவிடும், பழம் உருண்டிருப்பது தெரியாது. காம்புப் பக்கம் முள் நெருக்கம், வயிற்றில் அகலம், ஓரத்தில் தட்டை. பழத்தை அறுப்பதற்கு முன் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வி உளியால் வெளிச்சப் பக்கத்தை மட்டும் இழுத்தேன். வெள்ளையாக விட்டது மிகவும் கொஞ்சம்: சுளையின் மினுக்கம், அறுத்த நடுத்தண்டிலிருந்து வடியும் பால். லினோ கெட்டியாக இருந்தால் இரண்டு நிமிடம் வெயிலில் வைத்தால் போதும், வெண்ணெய் மாதிரி போகும். கடலூர் வெயிலில் அதற்கு மேல் வைத்தால் ஓரம் பிசிறும். அரை மணிக்கு ஒரு தடவை தோல் பட்டையில் உளியை இழுத்துத் தீட்டுங்கள், மழுங்கின உளிதான் சறுக்கிக் கையைக் கிழிக்கும்.

அக்டோபர் நடுவில் மஞ்சள். மை போதுமா என்று பார்க்க கண்ணைவிடக் காது நல்லது என்று பெரியவர் சொல்லிக்கொடுத்தார். ரோலரைக் கண்ணாடியில் உருட்டும்போது, “தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி கத்துச்சுன்னா மை அதிகம் தம்பி, பட்டுப் புடவை ஒரசுற சத்தம் வரணும்.” உண்மைதான், ஐந்தாறு தாளிலேயே காது பழகிவிட்டது. 32இல் இரண்டில் தாளின் நார் முடிச்சு மையைத் தூக்கிக்கொண்டு வெள்ளைப் புள்ளி விட்டது. 30.

அப்புறம் மழை பிடித்தது. மஞ்சள் காயக் காத்திருந்து, சுளையும் முள்ளுமாக மஞ்சள் நிற்க வேண்டிய இடங்களை வெட்டி எடுத்து, பத்து நாள் கழித்து இரண்டாவது அச்சுக்கு உட்கார்ந்தபோது ஊரே நனைந்து கிடந்தது. இரண்டாவது அச்சில் ஒரே பிளாக்கில் இரண்டு நிறம்: சுளைப் பக்கம் ஆரஞ்சு, தோல் பக்கம் பச்சை, இரண்டு சின்ன ரோலர்களால் தனித்தனியாக மை ஏற்றுவது. ஆரஞ்சின் மேல் பச்சை அடித்தால் சேறாகிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. முதல் தாள் சேரவில்லை. கீழ்ப்பக்கம் எல்லாம் ஒரு மஞ்சள் ஓரம் எட்டிப் பார்த்தது. தாளைச் சரியாக மாட்டவில்லை என்று நினைத்தேன். இரண்டாவதும் அப்படியே. குமிழ் ஆடுகிறது என்று இறுக்கினேன். ஐந்து தாள் போன பிறகுதான் ஸ்கேலை எடுத்து அளந்தேன். மஞ்சள் அடித்தபோது சரியாக 280 மி.மீ. இருந்த படம் 281க்கு மேல் போயிருந்தது. தாள் வளர்ந்திருக்கிறது.

பருத்தி நார் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும், உலர்ந்தால் சுருங்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, அரிசி அப்பளம் போடுகிற எந்த வீட்டிலும் ஈரக்காற்று என்ன செய்யும் என்று தெரியும். ஆனால் ஒரு மில்லிமீட்டர் என்பது முள்ளுக்கும் நிழலுக்கும் நடுவே எவ்வளவு பெரிய தூரம் என்பதைப் பிளாக்கை வெட்டிய பிறகுதான் பார்த்தேன். திரும்பப் போக வழியில்லாத முறை இது. மீதி 25 தாள், கையில் இருக்கும் பிளாக், அவ்வளவுதான்.

அன்றைக்கு மையைத் துடைத்துவிட்டு நிறுத்தினேன். முதலில் சமையல் எண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர், பிளாக் கெடாது. சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கினேன், அறையில் 88 காட்டியது. ஒரு மர அலமாரியின் அடித்தட்டில் பழைய 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தாளிலிருந்து நன்றாகத் தள்ளிப் பொருத்தினேன். எல்இடி உதவாது, சூடு வராது. குண்டு பல்புக்கு நாலு கடை ஏற வேண்டியிருந்தது. மேல்தட்டுகளில் கொடிக்கம்பி கட்டி, கிளிப்பில் தாள்களை இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு, மீட்டரையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். மூன்று நாளில் உள்ளே 60க்கு வந்து நின்றது. அளந்தேன், 280. அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு தாள்தான் வெளியே, அடித்தவுடன் மறுபடி உள்ளே. பிரஸ் பெரியவர் வீட்டில், அலமாரி என் வீட்டில் என்று இருந்ததை மாற்றி, என் தம்பியும் நானும் அலமாரியையே மினி லாரியில் ஏற்றி அவர் வீட்டுத் திண்ணைக்கு அடுத்த அறையில் இறக்கினோம். 25ம் சேர்ந்தன. ஒன்றில் மட்டும் பச்சைக் கட்டைவிரல் ரேகை விழுந்துவிட்டது. 24.

உலர்வதும் மழையில் இழுத்தடித்தது. எண்ணெய் மை தண்ணீர் ஆவியாகி உலர்வதில்லை, எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகுகிறது, ஈரத்திலும் குளிரிலும் அது மெதுவாகும். இரண்டு அடுக்கு மை இருக்கும் இடத்தில் விரலுக்கு ஒட்டவில்லை என்று பார்த்துத் தாள்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்தது அவசரம். மூன்று தாளில் பச்சை மேல் தாளின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தது. 21. இனி மெழுகுத்தாள் நடுவில் வைக்காமல் அடுக்கவே மாட்டேன், அதுவும் இரண்டு வாரம் கழித்து.

கடைசி அடர் நிறம் நவம்பர் இறுதியில். அதற்குள் பிளாக்கில் மிஞ்சியிருந்தது முள்ளின் நிழலும் பின்னணியும் மட்டும், பெரும்பகுதி பள்ளம். பள்ளத்தில் ரோலர் தொட்டுத் தொட்டு அழுக்கு விழும், ஒவ்வொரு தடவையும் அட்டை முகமூடி வைத்து மறைத்து அடித்தேன். முதல் நல்ல தாள் வந்ததும் அதைத் தனியே எடுத்துவைத்து, மற்ற ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். இந்த அளவுகோல் பிரதிக்கு பிரெஞ்சில் பொன் அ தீரே என்று பெயர், அச்சடிக்கலாம் என்று பொருள். நான்கு தாள் அதற்கு ஈடு நிற்கவில்லை. இரண்டில் கறுப்பு திட்டுத்திட்டாக, இரண்டில் நிழல் அடைத்துப்போய். 17.

கழிந்த 15ஐயும் கிழித்துப் போட்டேன். கொஞ்சம் பிசகினவற்றைக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். கொடுத்தால் அதுவும் ஒரு பிரதிதான், கணக்கில் இல்லாத பிரதி. ஓவியர் பிரதி பொதுவாக எடிஷனில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கம், 15க்கு 2 என்பது அதற்கே கொஞ்சம் கூடுதல்தான். இடது கீழே 1/15 என்று எண், நடுவில் படத்தின் பெயர், வலது கீழே கையெழுத்து, எல்லாம் பென்சிலில். பென்சில் கரி வெளுக்காது, தாளின் நாரில் பதிந்து நிற்கும், அச்சில் வந்த கையெழுத்தா கையால் போட்டதா என்று சாய்த்துப் பார்த்தாலே தெரியும். 1/15 என்பது முதலில் அடித்தது என்று அர்த்தமில்லை. செப்புத் தகட்டில் நேராக ஊசியால் கீறும் முறையில் கீறலின் விளிம்பு சீக்கிரம் தேயும், அங்கே முந்தின எண்ணுக்கு மதிப்பு உண்டு. லினோவில் 15க்குள் எந்த வித்தியாசமும் இல்லை, 9ஐ வாங்கினாலும் 1ஐ வாங்கினாலும் ஒன்றே.

புதுச்சேரியில் ஓவியங்கள் விற்கும் ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். அவருக்குப் பிடித்தது. ஸ்கேன் செய்து நல்ல பருத்தித் தாளில் இங்க்ஜெட் போட்டு, 500 என்று எண் போட்டு விற்கலாம் என்றார். ஜிக்ளே என்று 1990களில் பெயர் வைக்கப்பட்ட அந்த இங்க்ஜெட் அச்சை நான் தாழ்வாகப் பார்க்கவில்லை, நிறமி மை பல பத்தாண்டு நிற்கும், கணினியிலேயே வரைகிறவருக்கு அதுதான் மூலப் பிரதி. எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேரும் அச்சும் பெரிய காரியம்தான். ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் பிரஸ் தொடங்கிய பிறகு அவர் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் எத்தனை பூஜை அறைகளுக்குப் போயின, என் ஆயா வீட்டிலும் ஒன்று இருந்தது, அதில் யாரும் எண் தேடவில்லை. ஆனால் 1/15 என்று எழுதிக் கொடுத்த படத்தையே 1/500 என்று இன்னொரு வழியில் விற்பது, முதல் பதினைந்து பேரிடம் சொன்ன சொல்லை மாற்றுவது. ஸ்கேன் பிரதி என்று தெளிவாக எழுதி, எண் இல்லாமல், தபால் அட்டை அளவில் போடலாம் என்றேன். அவர் அதில் ஆர்வம் காட்டவில்லை, சரி என்று நானும் வந்துவிட்டேன்.

இனி இதில் அச்சு எடுப்பதில்லை என்பதற்கு அடையாளமாக, பிளாக்கில் மிஞ்சியதன் குறுக்கே அகல உளியால் மூலைக்கு மூலை ஒரு பள்ளம் இழுத்து, அந்தக் கோட்டோடு ஒரே ஒரு தாள் அடித்து, நோட்டில் ஒட்டினேன். ரிடக்‌ஷனில் இது தேவையே இல்லை என்பார்கள். எனக்குத் தேவைப்பட்டது. அதே நோட்டில் தாள் எங்கே வாங்கியது, மையின் நிறமி, ஒவ்வொரு அச்சின் தேதி, அன்றைய ஈரப்பதம், எந்த எண் யாரிடம் போனது என்று எல்லாம் இருக்கிறது. இதுவரை நான்கு போயிருக்கின்றன.

இரண்டு ஓவியர் பிரதியில் ஒன்றைப் பெரியவரிடம் கொடுத்தேன். வாங்கியதும் திருப்பிப் பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்து இடது அடி மூலையில் நிறுத்தினார். “இங்க இன்னொரு டிஷ்யூ ஒட்டியிருக்கணும் தம்பி.” வீட்டுக்கு வந்து மீதி 12ஐயும் எடுத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அந்த மூலையில் கறுப்பு ஒரு மயிரிழை மெலிந்திருக்கிறது.